ஒன்றரை ஷிப்ட்

ஆகஸ்ட் 5, திங்கள்
52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். பாப்பா 35 என்று எழுதியிருக்கிறாள். பக்கத்து இடத்தில் கடன் வாங்கச் சொன்னேன். "டீச்சர் குச்சிக்கட்டைத்தான் பிரிக்கச் சொன்னார்" என்று நோட்டை மூடிவிட்டாள்.

ஆகஸ்ட் 6
பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கிறார்களாம். பெற்றோர் வர வேண்டுமாம். சனிக்கிழமை! எங்களுக்குச் சம்பள நாள்.

ஆகஸ்ட் 7, புதன்
கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் அதே கணக்கு. எதிர்வீட்டு அக்காவின் பேரனும் மூன்றாம் வகுப்புதான். பத்துக் குச்சியை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டினால் ஒரு கட்டு என்றார். ஐந்து கட்டில் ஒன்றைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டு. அட, நான் சொன்ன அதே கடன்! இருந்தும் பாப்பாவிடம் மறுபடி பேச்செடுக்கத் தைரியம் வரவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். நான் சொல்லி, அவள் எழுதி, டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டால்? போன வருடம் ஒரு டீச்சர், "வீட்டில் யாரும் நோட்டைப் பார்ப்பதில்லையா?" என்று கேட்டார். பார்க்கிறேன், டீச்சர். அவள் தூங்கிய பிறகு பார்க்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர ஒன்பதாகிறது.

ஆகஸ்ட் 8
போன ஆகஸ்டில் பள்ளியில் காலைச் சிற்றுண்டி வந்தது. அடுப்படியில் அரை மணி மிச்சம். அந்த அரை மணியும் நோட்டுக்குப் போகவில்லை, கம்பெனிக்குத்தான் போனது.

ஆகஸ்ட் 9, வெள்ளி
சாயப்பட்டறையில் இரவு வேலை முடித்து வந்த வீட்டுக்காரர் பாதித் தூக்கத்தில், "நீயே போ, அங்கே பெண்கள்தானே வருவார்கள்" என்றார். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறதாம்: குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பங்கு பிரித்தவர்களுக்குத் திருப்பூர்ச் சனிக்கிழமை தெரிந்திருக்காது.

அரை நாள் கேட்டேன். சூப்பர்வைசர் துணியைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

ஆகஸ்ட் 10, சனி
குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். தலைமையாசிரியர் பேசினார். குழுவில் சேர விருப்பமா என்றபோது பாதிப் பேர் செல்போனைப் பார்த்தார்கள், நானும்தான். பாப்பாவின் டீச்சர் சிரித்தார். அவ்வளவுதான், கேள்வி எதுவும் கேட்கவில்லை. இதற்கா இத்தனை நாள் பயந்தேன்!

ஜன்னலோரம் குச்சிக்கட்டுகள். யாரும் பார்க்காதபோது ஒன்றைப் பிரித்து எண்ணினேன்.

ஒன்பதுதான் இருந்தது.

ஆகஸ்ட் 11
விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். பாப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை.