கிளார்க் கீக்கு ஒரு சீனியர்

ரிட்டயர் ஆனவன், ஆற்றோர மதுக்கூடங்கள் நிறைந்த கிளார்க் கீக்குப் போகக் கூடாது என்று சிங்கப்பூரில் சட்டம் எதுவும் இல்லை. மகனுக்குத்தான் சங்கடம். "அங்க ஒரே சத்தமா இருக்கும்பா" என்கிறான். இருக்கட்டுமே, காது எனக்கு ஏற்கெனவே பாதிதான்.

சாயங்காலமே போய்விட்டால் 'ஹேப்பி அவர்' சலுகை விலை, கூட்டமும் குறைவு. அந்த ஊதா வெளிச்சத்தில் மெனுவைப் படிக்கத்தான் போன் டார்ச் அடிக்க வேண்டியிருக்கிறது. வாசலில் நிற்கும் வாட்டசாட்டமான ஆள் இளசுகளிடம் அடையாள அட்டை கேட்கிறார். என்னிடம், "அங்கிள், படி இருக்கு, பாத்து!"

எனக்குப் பிடித்த இடம் அங்கே சிங்கப்பூர் ஆற்றின் மேல் இருக்கும் ரீட் பாலம். 1889இல் திறந்தது. தொங்காங் என்ற சரக்குப் படகுகளின் தொழிலாளர்கள் அந்தியில் அங்கே கூடி தியோச்சியூ என்ற சீனக் கிளைமொழிக் கதைசொல்லிகளிடம் கதை கேட்பார்களாம். 1983இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கரையோரக் கிடங்குகள் பிற்பாடு மதுக்கூடங்களாகவும் உணவகங்களாகவும் ஆகிவிட்டன. ஆற்றங்கரையை விட்டு அரட்டை மட்டும் போகவில்லை. இப்போது அடிப்பவர்கள் வேறு, அவ்வளவுதான்.

பீர் விலைதான் அநியாயம். ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்திருக்கும் வித்தை நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை யார் யார் வருகிறீர்கள்? ஒன்பதரைக்கெல்லாம் எம்ஆர்டி ரயில் ஏறிவிடலாம்.