போமலினில் எத்தனை மணித்தியாலம்?

இன்று காலை திருகோணமலையில், இருவர் சேர்ந்து பார்க்கும் நுணுக்குக்காட்டியின் எதிர்ப்புறம் அமர்ந்திருந்த இளம் மருத்துவர், கலங்களைப் பற்றி எதுவும் பேசாமல், "சேர், இந்த இழையம் போமலினில் எத்தனை மணித்தியாலம் இருந்தது?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

போமலின் என்பது வெட்டியெடுத்த இழையம் கெடாமல் பதப்படுத்தும் திரவம். மார்பகப் புற்றுநோயில், கலங்களின் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதத்தைச் சோதிக்க, இழையம் அதில் இருக்கும் நேரம் 6 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் இருக்க வேண்டும். அது பிசகினால், 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிரஸ்டுசுமாப் மருந்து யாருக்குப் பயன்படும் என்ற தீர்மானமும் பிசகக்கூடும்.

ஆராய்ச்சியும் இதே கண்ணாடித் தகட்டிலிருந்துதான் தொடங்குகிறது. இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, கடமை நேரத்துக்குள்ளேயே வாரத்தில் ஒரு நாளாவது ஆய்வுக்கென்று ஒதுக்கித் தர வேண்டும்.

இழையத்துடன் வந்த படிவத்தில் அந்த நேரம் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் எழுந்து சென்று சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்.