சார்ஜா டு துபாய்: யார் எதில் போகிறார்கள்

துபாயில் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்கவும் தேவையில்லை, காலையில் அவர் எதில் ஏறுகிறார் என்று பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். விடியும் முன்பே லேபர் கேம்பிலிருந்து கிளம்பும் வெள்ளை பஸ். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறிப் போகிறவர்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி யாருடைய காரிலோ பின்சீட்டில் ஒடுங்கிப் போகும் 'கார் லிஃப்ட்' கூட்டம், சட்டப்படி அது கூடாது, ஆனாலும் ஓடுகிறது. அதற்கு மேலே சொந்தக் கார். எல்லாவற்றுக்கும் மேலே, நம்பர் பிளேட்டில் ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் உள்ள கார். இங்கே வந்த யாருக்கும் இந்த வரிசையை யாரும் சொல்லித் தருவதில்லை. தானாகப் பழகிவிடுகிறது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா (ஆந்திரச் சித்தூர் இல்லை, அதையும் ஒவ்வொரு முறை சொல்லியாக வேண்டும்). ஆளுவது கேரளா, வீட்டில் தமிழ், தீபாவளித் துணிக்குப் பொள்ளாச்சி அல்லது கோயம்புத்தூர். எங்கள் ஊரிலும் வண்டியை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார்கள். அப்பா டிவிஎஸ் எக்ஸ்.எல்.லில் புல்லுக்கட்டும் தேங்காயும் ஏற்றி வருவார், ஆனால் கல்யாண வீட்டுக்கு அதே வண்டியில் போக ஒத்துக்கொள்ள மாட்டார். கல்ஃப்காரன் வீடு என்றால் போர்ட்டிகோவில் உறை போட்ட கார் ஒன்று நிற்க வேண்டும். லீவில் அவன் வந்தால்தான் உறை கழலும்.

பஸ்ஸிலும் அப்படித்தான். கேரளத்துப் பிரைவேட் பஸ்ஸில் கன்செஷன் டிக்கெட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும். முழு டிக்கெட் எடுப்பவர்கள் ஏறி முடிக்கும்வரை மாணவர்கள் வாசலில் நிற்க வேண்டும். சீட் காலியாக இருந்தாலும் உட்கார்ந்தால் கண்டக்டர் முறைப்பார். ஒரு ரூபாய் கொடுப்பவனுக்கு ஒரு ரூபாய்க்கான மரியாதை. ரோட்டிலோ, பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்க வேண்டும். லிமிடெட் ஸ்டாப் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தால் எக்ஸ்.எல். மண்ணில் இறங்கிவிடும். போலீஸ் நிறுத்தினால் போன் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்து மிச்சம் நடக்கும்.

இந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தவனுக்கு முதலில் ஆச்சரியம் தந்தது ஜீப்ரா கிராசிங். தலையில் ஹெல்மெட்டும் கையில் சோற்றுத் தூக்கும் வைத்திருக்கும் கட்டடத் தொழிலாளி ஒருவர் காலை வைத்ததும், லேண்ட் குரூசர் நிற்கிறது. முனகாமல் நிற்கிறது. அதே தொழிலாளி கிராசிங் இல்லாத இடத்தில் குறுக்கே போனால் 400 திர்ஹாம் அபராதம் என்பதும் உண்மை. கேமரா யாரையும் 'நீ யாருடைய பையன்' என்று கேட்பதில்லை. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். ஊருக்குப் போன் பேசும்போது கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் லைசென்ஸ் எடுக்கும்போது அந்தப் பெருமை பாதியாகக் குறைந்துவிட்டது. இந்திய லைசென்ஸ் எத்தனை வருடப் பழசாக இருந்தாலும் இங்கே நேராக மாற்றித் தர மாட்டார்கள். பொதுவாக வகுப்பு, யார்டு டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று போக வேண்டும். பழைய லைசென்ஸ் இருந்தால் வகுப்பு நேரம் குறையும். ரோடு டெஸ்டில் தோளைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றோ, லேன் மாற யோசித்தாய் என்றோ ஒரு கோடு விழுந்தால், கூடுதல் வகுப்பு, மறுபடியும் கட்டணம். ஒரு சாதாரண ஆள் லைசென்ஸ் எடுத்து முடிப்பதற்குள் சில மாதச் சேமிப்பு கரைந்துவிடும். என் மாமா ஒருவர் நெல்லியாம்பதி கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவரே இங்கே வந்திருந்தாலும் கோன்களுக்கு நடுவே வண்டியை விட்டுக் காட்டத்தான் வேண்டும்.

சரி, வேறு ஊர், வேறு பக்கம் ஓட்டுகிறார்கள், படிக்கட்டும் என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் பிரிட்டன் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இது எதுவும் இல்லை. கண் பரிசோதனை, கட்டணம், கையில் அட்டை. ஜப்பான்காரருக்கும் அதே சலுகை. பிரிட்டனிலும் ஜப்பானிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள்? அவர்களுக்கும் வலப்பக்கச் சாலை புதிதுதானே? அப்படியானால் இங்கே சோதிக்கப்படுவது கைத்திறன் மட்டும் இல்லை. கேரளத்தில் ஹெச் போடாமலேயே (டெஸ்டில் ஹெச் வடிவத்தில் கார் ஓட்டிக் காட்டுவதுதான் ஹெச்) லைசென்ஸ் வாங்கிய ஆட்கள் உண்டு என்பதால்தான் நம் அட்டைக்கு மதிப்பில்லை என்பார் என் ரூம்மேட். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இருந்தாலும், ஒழுங்காக ஹெச் போட்டவனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறான்.

லைசென்ஸ் வந்ததும் ஆளின் மதிப்பே மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் பாயாக வந்தவர் மெசெஞ்சர் ஆகிறார், ஸ்டோர் கீப்பர் சேல்ஸுக்குப் போகிறார். வேலை விளம்பரத்தில் 'யுஏஇ லைசென்ஸ் அவசியம்' என்ற ஒரு வரி பாதிப் பேரை வடிகட்டிவிடும்.

வடகரப்பதியிலிருந்து வந்த என் மாமா பையன் டெலிவரி பைக் ஓட்டுகிறான். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் ஆர்டர் அதிகம் வரும், பைக் நிற்காது. ஓட்டுபவர்கள் ஒதுங்க ஏசி வைத்த ஓய்வு அறைகள் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் ஆர்டருக்கு இவ்வளவு என்று சம்பாதிப்பவன் அங்கே எவ்வளவு நேரம் உட்காருவான்? பெரிய ரோடுகளில் இடதுகோடி வேக லேன்களில் டெலிவரி பைக் போகக்கூடாது. அந்த லேன்களில் பெரிய வண்டிகள் பின்னால் ஒட்டிவந்து லைட் அடித்து விலகச் சொல்லும். ஹார்ன் சத்தம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஊர் லிமிடெட் ஸ்டாப்பின் புத்தி இங்கே ஹெட்லைட்டில் இருக்கிறது.

இப்படி ஒட்டி ஓட்டினால் 400 திர்ஹாம் அபராதம், லைசென்ஸில் நான்கு கரும்புள்ளி. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நான் சொல்லப்போய், மாமா பையன் சிரித்தான். "அந்தக் கார்க்காரனுக்கு 400ங்கிறது ஒரு டிபன் காசுங்ணா. எனக்கு அது அம்மாவுக்கு அனுப்புற காசு." அவன் வேலை பார்க்கும் இடத்தில் அபராதம் ஓட்டுபவர் தலையில்தான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பின்லாந்தில் சில வேக மீறல்களுக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது, நம் ஊரிலும் கிடையாது.

இங்கே விதியைக் காசு கொடுத்து வளைக்க முடியாது, ஆனால் நேரத்தையும் இடத்தையும் வாங்கலாம். 2007இல் வந்த சாலிக் சுங்கம் முதலில் கேட்டுக்கு 4 திர்ஹாம். 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் 6. சார்ஜாவில் வாடகை குறைவு என்று குடியிருந்துகொண்டு துபாய்க்கு வேலைக்கு வருபவர்கள், கேட்டைத் தவிர்க்கச் சுற்றி வந்து முகமது பின் சாயித் ரோட்டில் ஊர்கிறார்கள். சார்ஜாவுக்கு மெட்ரோ இல்லை. 2009 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய துபாய் மெட்ரோவில் டிரைவரே கிடையாது, ஆனால் கோல்டு கிளாஸ் உண்டு. கட்டணம் இரட்டிப்பு. ரயில் ஒன்று, போய்ச்சேரும் நேரமும் ஒன்று. வாங்குவது அகலமான சீட்டும், பக்கத்தில் யார் நிற்க மாட்டார்கள் என்ற உறுதியும்தான்.

நம்பர் பிளேட் பற்றிச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். 2023இல் 'பி 7' என்ற எண் ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்கு ஏலம் போனது. தர்ம காரியத்துக்கான ஏலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாமும் சளைத்தவர்கள் இல்லை, 2025இல் கொச்சியில் 0007 என்ற எண்ணை ஏறக்குறைய 46 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள்.

என் மனைவிக்கு மெட்ரோவில் பெண்கள் பெட்டி ரொம்பப் பிடித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வேலந்தாவளம் எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதில் அவளுக்குப் பழைய வருத்தம் உண்டு. இங்கே காசு கொடுத்துத்தான் போகிறாள், ஆனால் யாரும் இடிப்பதில்லை என்கிறாள். கார் வேண்டும் என்று இதுவரை கேட்டதில்லை.

கேட்பது ஊரில்தான். "கண்ணு, கார் எடுத்தாச்சா?" என்று அம்மா ஒவ்வொரு போனிலும் கேட்கிறாள். எங்கள் கட்டடத்தைச் சுற்றி ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்க்கிங் கிடைக்காது, பஸ் ஸ்டாப் வாசலிலேயே இருக்கிறது என்று சொன்னால் அவளுக்குப் புரிகிறது. அப்பாவுக்குத்தான் புரியவில்லை. போர்ட்டிகோவை அகலப்படுத்த மேஸ்திரியிடம் பேசிவிட்டாராம். அதற்கான காசை அடுத்த மாதம் அனுப்ப வேண்டும்.