எத்தனை டிபி என்று கேட்பதற்கு முன்

ஒரு நிறுவனத்துக்குப் புதிதாகப் பேக்கப் (டேட்டாவின் மாற்று நகல்) ஏற்பாடு செய்யப் போனால், முதல் கூட்டத்தில் மேஜையின் இரண்டு பக்கமும் பேசுவது ஒரே எண்ணைத்தான். மொத்தம் எத்தனை டிபி (டெராபைட், அதாவது சுமார் ஆயிரம் ஜிபி)? சாஃப்ட்வேர் லைசென்ஸ், டிஸ்க், டேப் (காந்த நாடா), இரவு எத்தனை மணிக்குள் பேக்கப் வேலை முடியும் என்பது எல்லாமே அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது, அதனால் அது மேஜைக்கு வருவதில் தப்பில்லை. ஆனால் அதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. அந்த டிபிக்குள் என்ன இருக்கிறது, யாருடையது, அது போனால் யாருடைய வேலை நிற்கும் என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் பக்கத் தொழிற்சாலைகளிலும் சில மருத்துவமனைகளிலும் பல வருடமாக இதே வேலையைச் செய்து வருகிறேன். நான் பார்த்த பெரும்பாலான சிக்கல்கள், டேட்டாவை அதன் அளவை வைத்து எடை போட்டதால் வந்தவை.

இதற்கு மிகப் பெரிய சாட்சி தென்கொரியா. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அரசின் டேட்டா சென்டரில் லித்தியம் அயன் பேட்டரிகள் தீப்பிடித்தன, முதல் கணக்கில் 647, பின்னர் திருத்திய கணக்கில் 709 அரசு சேவைகள் நின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு பேக்கப் இருந்தது, மெல்ல மீட்டார்கள். ஜி-டிரைவ் என்ற ஒன்றை மட்டும் மீட்க முடியவில்லை. அரசு ஊழியர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் கோப்புகளை வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் இதில்தான் வைக்க வேண்டும் என்று ஊக்குவிக்கப்பட்ட பொதுச் சேமிப்பு அது. 858 டிபி. அதற்கு வெளியே வேறு நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது, வேகம் குறைவு, அதனால் வெளியே பேக்கப் எடுக்க முடியாத அமைப்பு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஏனென்றால் இதே வாக்கியத்தை இங்கே கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்: "ஷேர் ஃபோல்டர் ரொம்பப் பெருசு சார், அதை விட்டுடுங்க, ஈஆர்பியை மட்டும் எடுங்க." (ஈஆர்பி என்பது கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள்.) அந்த 858 டிபியில் திரும்ப உருவாக்க முடியாதது எவ்வளவு, அப்படியே விட்டாலும் யாரும் தேடாதது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்திருந்தால், முதல் வகை எத்தனை பெரிதாக இருந்தாலும் அதற்கு ஒரு வழி கண்டிருக்கலாம். பிரிக்காதபோது எல்லாம் ஒரே மூட்டை ஆகிவிடுகிறது, மூட்டை பெரிதாக இருந்தால் யாரும் தூக்குவதில்லை.

சரி, பிரிப்பது எப்படி? வழக்கமாக நடப்பது இதுதான். ஐடி பிரிவு ஒரு எக்ஸெல் ஷீட் தயாரிக்கும். பொது, உள் பயன்பாடு, ரகசியம், மிக ரகசியம் என்று நான்கு கட்டம். அதை எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் மெயிலில் அனுப்பும். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். போடுபவர்கள் எல்லா ஃபோல்டருக்கும் எதிரே 'மிக முக்கியம்' என்று நிரப்பி அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தன்னுடைய வேலை முக்கியமில்லை என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? கேள்வியே தப்பு. அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு ஐடி ஆட்கள் தாங்களே முடிவெடுப்பார்கள். எந்த சர்வர் பெரியது, எது விலை கூடியது, எதற்கு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறது என்பதை வைத்து.

நான் இப்போது மெயில் அனுப்புவதில்லை. துறைக்கு நேரே போய், தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தினமும் அந்தக் கோப்புகளைத் திறந்து மூடுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். இது இன்று மதியம் காணாமல் போனால் எப்போது உங்களுக்குத் தெரியும்? எத்தனை மணிநேரம் இல்லாமல் சமாளிப்பீர்கள்? நேற்று மாலை வரை திருப்பிக் கொடுத்தால் போதுமா, இன்று காலை செய்த வேலையும் வேண்டுமா? காகிதத்திலிருந்தோ கஸ்டமரிடமிருந்தோ வேறு சிஸ்டத்திலிருந்தோ இதைத் திரும்பச் செய்ய முடியுமா? எங்கள் பாஷையில் ஆர்டிஓ (எத்தனை நேரத்துக்குள் திரும்ப வேண்டும்), ஆர்பிஓ (எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்கும்) என்று சொல்வதெல்லாம் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இப்படி உட்கார்ந்தபோது, டிஸ்பாட்ச் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் தன் டெஸ்க்டாப்பில் இருந்த ஆக்சஸ் ஃபைல் (மைக்ரோசாஃப்ட்டின் சின்ன டேட்டாபேஸ்) ஒன்றைக் காட்டினார். சில நூறு எம்பிதான் இருக்கும். அந்தக் கம்பெனியின் எந்த சர்வர் பட்டியலிலும் அது கிடையாது. பல வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன யாரோ எழுதிக் கொடுத்தது. பெட்டியில் ஒட்டுகிற பார்கோடு லேபிள் அதிலிருந்துதான் அச்சாகிறது. "இது இல்லன்னா லாரி கிளம்பாது தம்பி, லேபிள் இல்லாம அனுப்புனா அங்க கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். அதே கட்டடத்தில், யாரும் திறக்காத பழைய கண்காட்சி வீடியோக்கள் பல டிபி, தினமும் இரவு தவறாமல் டேப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த அக்காவை ஒரு கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. டேட்டாவின் மதிப்பு தெரிந்தவர்கள் பெரும்பாலும் கூட்ட அறைக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் இப்படித்தான். "சட்டப்படி ஏழு வருஷம்" என்று எல்லா இடத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது, எந்தச் சட்டம் என்று கேட்டால் பதில் வராது. கம்பெனிகள் சட்டம் 2013இன் 128ஆவது பிரிவு கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, சிஸ்டம் லாக்குகளை (கணினிகளின் செயல் பதிவுகளை) 180 நாள் வைக்கச் சொல்கிறது. வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரநிலையோ இத்தனை வருடம் என்று நிலையான கணக்குச் சொல்வதில்லை. ஒரு பாகத்தின் ஒப்புதல் ஆவணங்களை, அந்தப் பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும். ஒரு பிராக்கெட்டை இன்னும் சர்வீஸுக்குக் கொடுக்கிறோமா இல்லையா என்பது சர்வர் ரூமில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? தரப் பிரிவு சொன்னால்தான் உண்டு.

இதில் இன்னொரு பெரிய குழப்பம், பேக்கப்பையும் ஆர்க்கைவையும் ஒன்றாக நினைப்பது. பேக்கப் என்பது நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்கு. ஆர்க்கைவ் என்பது இனி மாறாத ஒன்றை, தேடி எடுக்கும்படி, நீண்ட காலம் வைப்பதற்கு. மாதக் கடைசி ஃபுல் பேக்கப் டேப்பை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு "ஆர்க்கைவ் இருக்கிறது" என்று ஆடிட்டரிடம் சொல்லும் இடங்கள் ஏராளம். ஐந்து வருடம் கழித்து ஒரு வழக்கு வருகிறது, ஒரு சப்ளையரோடு நடந்த மெயில் போக்குவரத்து வேண்டும் என்கிறார்கள். ஒரு மெயிலை எடுக்க அன்றைய எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் முழுவதையும் எங்காவது எழுப்ப வேண்டும். அந்த வெர்ஷன் இன்று கிடைக்குமா, அன்று பயன்படுத்திய பேக்கப் சாஃப்ட்வேரின் கேட்டலாக் (எந்த டேப்பில் எது என்ற பட்டியல்) இருக்கிறதா, டேப்பை என்கிரிப்ட் செய்திருந்தால் அந்தச் சாவி யாரிடம்? இதெல்லாம் சரியாக இருந்தாலும் டேப்பைப் படிக்க டிரைவ் வேண்டும். பேக்கப் டேப்புகளில் பரவலான வகை எல்டிஓ. அதன் டிரைவ்கள் ஏழாம் தலைமுறை வரை இரண்டு தலைமுறை பின்னால் இருக்கும் டேப்பைப் படித்தன, எல்டிஓ-8உம் எல்டிஓ-9உம் ஒரு தலைமுறைதான். அதாவது 2010 வாக்கில் எழுதிய எல்டிஓ-5 டேப்பை எல்டிஓ-7 டிரைவில் படிக்கலாம், எல்டிஓ-8இல் முடியாது. டேப் முப்பது வருடம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது உண்மைதான், படிக்கும் இயந்திரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தொழிற்சாலைகளில் தொழிற்சங்கத்தோடு போட்ட 12(3), 18(1) ஒப்பந்தங்கள் (தொழில் தகராறு சட்டப் பிரிவுகளின்படி போட்டவை), நிலையாணைகள், அறிவிப்புகள் எல்லாம் தமிழில் இருக்கும். 2000களில் டைப் செய்தவை பெரும்பாலும் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடை 2010இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதற்குப் பிறகும் எழுத்துருவை மாற்றாமல் பல வருடம் ஓட்டிய அலுவலகங்கள் உண்டு. ஒரு இடத்தில் எச்.ஆர். கேட்டார்கள் என்று பழைய ஊதிய ஒப்பந்தம் ஒன்றை டேப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ஃபைல் ஒரு பைட் குறையாமல் வந்தது, திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றியதும் படிக்க முடிந்தது, அட்டவணையில் இருந்த எண்களை மட்டும் பழைய பிரிண்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அதற்குப் பிறகு நீண்ட காலம் வைக்க வேண்டிய தமிழ் ஆவணம் எதுவானாலும், ஆர்க்கைவுக்குப் போவதற்கு முன் யூனிகோடில் ஒரு நகலும், எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்/ஏ (நீண்ட காலச் சேமிப்புக்கான பிடிஎஃப் வகை) ஒன்றும் செய்துவைக்கச் சொல்லி வற்புறுத்துகிறேன். தொழிலாளியின் சம்பளமும் பணிக்கொடையும் அந்தத் தாளில் இருக்கிறது. பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போவது அநியாயம்.

ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து திருப்பி எடுப்பது) பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழிக்கத் தொடங்கிவிட்டார். உடனே நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியது. கையில் பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் உதவவில்லை. தினசரி டம்ப் (முழு நகல்) எடுக்கும் கருவி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளின் 9.2 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸோ 9.6. அதனால் ஒவ்வொரு நாளும் தோல்வி. தோல்வி என்று சொல்ல வேண்டிய மெயில்களை போலி மெயில்களைத் தடுக்கும் டிமார்க் சரிபார்ப்பு தடுத்துவிட்டதால் ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணிநேரம் முன்பு கையால் எடுத்த, அந்த நேரத்து நிலையின் நகலான ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது பெரிய மரியாதைக்குரிய செயல், எங்கள் தொழிலில் நிறையப் பேர் அதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டோம்.

அப்புறம் நேரம். பேக்கப்பில் டேட்டா இருக்கிறது என்பதற்கும் அது எப்போது கைக்கு வரும் என்பதற்கும் சம்பந்தமில்லை. ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் முழு வேகத்தில், எந்தத் தடையும் இல்லாமல் ஓடினால்கூட ஒரு நாளைக்குச் சுமார் 10 டிபிதான் போகும். 20 டிபி சர்வரை நான்கு மணிநேரத்தில் எழுப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தத் தாளை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இங்கேயும் பிரித்து வைத்திருந்தால்தான் வழி உண்டு. முதல் மணிநேரத்தில் வர வேண்டியது எது, நாளை வந்தால் போதும் என்பது எது என்று தெரிந்திருந்தால், அந்தச் சின்ன ஆக்சஸ் ஃபைல் முதலில் எழுந்து லாரி கிளம்பும்.

டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் ரேன்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) தாக்கியபோது ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டிபி பூட்டப்பட்டது. இந்த அளவு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். ஆனால் ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை நாட்டின் முதன்மை மருத்துவமனை கையால் எழுத வேண்டியதாயிற்று. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிடல் என்ற மருத்துவமனை மென்பொருளின் டேட்டா திரும்பக் கிடைத்தது. தாக்குகிறவர்கள் இப்போது முதலில் தேடுவது பேக்கப் சர்வரைத்தான். அதனால் நான் போகும் இடங்களில் பேக்கப் சர்வரை டொமைனில் (நிறுவனத்தின் பொது லாகின் அமைப்பில்) சேர்க்க விடுவதில்லை, அட்மின் பாஸ்வேர்டு தனி, ஒரு நகலாவது யாராலும் அழிக்க முடியாத பூட்டோடு அல்லது டேப் லைப்ரரி இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்த டேப்பில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். இதில் நிறைய மேலாளர்களோடு மனஸ்தாபம் வந்திருக்கிறது, பரவாயில்லை.

இதெல்லாவற்றையும்விடக் கடினமானது அழிப்பது. வாங்குவதற்குக் கையெழுத்துப் போட ஆள் உண்டு, அழிக்கக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது. வேலைக்கு விண்ணப்பித்து எடுக்கப்படாதவர்களின் பயோடேட்டா, ஆதார் நகல், மருத்துவப் பரிசோதனை ரிப்போர்ட் என்று வருடக்கணக்கில் டேப்புகளில் கிடக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்து, விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. நோக்கம் முடிந்த பிறகு, வேறு சட்டம் வைக்கச் சொல்லாவிட்டால், அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாம் கலந்த ஒரு பேக்கப் டேப்பில் அந்த விண்ணப்பதாரர் ஒருவரை மட்டும் தேடி அழிக்க வழியில்லை. எழுதும்போதே தனியாகப் பிரித்து, தனிச் சாவியில் என்கிரிப்ட் செய்திருந்தால் சாவியை அழித்தால் போதும்.

இப்போது ஒரு இடத்தில் பழைய எல்டிஓ-5 டேப்புகளை இப்படிப் பிரிக்கும் வேலைதான் நடக்கிறது. கணக்குப் பிரிவு தன் பட்டியலைக் கொடுத்துவிட்டது, தரப் பிரிவில் உட்கார்ந்து பாகம் பாகமாகப் பார்த்து வருகிறோம். எச்.ஆர். மேடம் விண்ணப்பதாரர் ஃபோல்டர்களை அழிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அது பெரிய துணிச்சல். சட்டப் பிரிவின் பட்டியல் மட்டும் இன்னும் வரவில்லை, நிலுவையில் உள்ள வழக்குகளைச் சரிபார்க்க வேண்டும் என்கிறார்கள், நியாயம்தான். அது வரும்வரை இருக்கிற ஒரே எல்டிஓ-7 டிரைவ் ஓட வேண்டும். உதிரிக்கு இன்னொன்று எங்காவது நல்ல நிலையில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.