சுவரில் ஓர் அமெரிக்கா

வெள்ளை மாளிகையின் தூதர் வரவேற்பறைச் சுவர்களைச் சுற்றி ஓடும் நிலக்காட்சிச் சுவர்த்தாளை, பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள ரிக்ஸ்ஹைம் ஊரின் சூபர் நிறுவனம் 1834இல் முதன்முதலில் அச்சிட்டது. நயாகரா அருவி, பாஸ்டன் துறைமுகம், வர்ஜீனியாவின் இயற்கைப் பாலம் ஆகியவற்றை ஒரே தொடுவானத்தின் கீழ் இணைக்கும் 32 பட்டைகளை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டை அச்சுகளைக் கொண்டு, நிறம் நிறமாகக் கையால் ஒற்றி எடுத்திருக்கிறார்கள். அடிமைமுறை நீடித்த ஒரு நாட்டில், கறுப்பின மக்கள் நேர்த்தியான உடையில் உலாவுவதாக ஓவியர் ழான்-ஜூலியன் டெல்டில் வரைந்திருப்பது எனக்கு வியப்பைவிட ஐயத்தையே தருகிறது. ஐரோப்பியர் காண விரும்பிய அமெரிக்கா அது. 1852இல் பின்னணியை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் மனிதர்களை மட்டும் மாற்றி, விடுதலைப் போர்க் காட்சிகளாக வெளியிட்டார்கள் (கெட்டிக்கார வணிகர்கள்தாம்!). மாளிகையில் உள்ள தாள், மேரிலாந்தில் இடிக்கப்படவிருந்த பழைய வீடொன்றிலிருந்து உரித்தெடுக்கப்பட்டு, 1961இல் அன்றைய அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடியின் முயற்சியால் அங்கே ஒட்டப்பட்டது.