ஜாமீன் போட்ட அக்காவின் நாட்குறிப்பு

19 ஜூன் 2025, வியாழன்

எட்டாம் வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தம்பி மூன்று தடவை போனில் கூப்பிட்டிருக்கிறான். இன்டர்வெல்லில் திரும்பக் கூப்பிட்டேன். "அக்கா, வண்டியத் தூக்கிட்டானுவ" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

களியக்காவிளையில் மீன் இறக்கிவிட்டுக் காலி பெட்டிகளோடு வந்தவன், அழகியமண்டபம் ஜங்ஷனில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறான். பைக்கில் நாலு பேர். "ஃபைனான்ஸ்ல இருந்து வாறோம், சாவியத் தாங்க." அடிக்கவில்லை, ஆனால் சுற்றி நின்ற விதத்தில் இவனே சாவியைக் கொடுத்துவிட்டான். ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், வாசிக்கவில்லை என்கிறான்.

நான் யாரைத் திட்ட? 2023 செப்டம்பரில் தம்பியின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டபோது நானும்தான் வாசிக்கவில்லை. அரசுப் பள்ளி டீச்சர், சம்பளச் சீட்டு இருக்கிறது என்பதால்தானே என்னைத் தேடி வந்தார்கள். வீட்டுக்காரர் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

20 ஜூன், வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போனோம். "ஃபைனான்ஸ் கம்பெனிக்காரங்க முன்னாடியே லெட்டர் குடுத்திருக்காங்க டீச்சர். இது சிவில் விஷயம்" என்றார் ரைட்டர். மரியாதையாகத்தான் பேசினார். வண்டியில் இருந்த 22 மீன் பெட்டிகள் பற்றிக் கேட்டோம். அதையும் கம்பெனியிலேயே கேட்கச் சொன்னார். பெட்டிகள் தம்பியுடையவை இல்லை, குளச்சல் வியாபாரியுடையவை. அவர் காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணிவிட்டார்.

21 ஜூன், சனி

தம்பியை உட்கார வைத்து முழுக்கதையும் கேட்டேன். மாதத் தவணை, டியூ, 15,300. ஏப்ரல், மே, ஜூன், மூன்று டியூ நிற்கிறது. ஏப்ரலில் இன்ஜின் வேலை. அந்த மாதம் 15ஆம் தேதியிலிருந்தே கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகு இறங்கவில்லை. மேற்கே குளச்சல் பக்கம் ஓட்டிச் சரிக்கட்டலாம் என்று இருந்திருக்கிறான். மே 25இல் கொச்சிக்கு அப்பால் கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை நம் கடற்கரை வரை வந்து ஒதுங்கியது. கேரளத்தில் மீன் வாங்கவே ஆட்கள் யோசித்தார்கள். ஜூன் 1 முதல் மேற்கிலும் தடை. சின்ன நாட்டு வள்ளத்தில் வரும் சாளையும் நெத்தோலியும் மட்டும்தான் லோடு.

கடலுக்கு ஒரு காலண்டர், கம்பெனிக்கு ஒரு காலண்டர். மீன் வண்டிக்குக் கடன் கொடுப்பவனுக்கு இந்த ஊரில் இரண்டு தடைக்காலம் உண்டு என்று தெரியாதா? ஆனால் எல்லாப் பழியும் அவர்கள் மேல் போட முடியாது. திங்கள்நகர் வாடகை வீட்டைக் காலி பண்ணி ஒரு வருடம் ஆகிறது, இவன் கம்பெனியில் விலாசத்தை மாற்றவே இல்லை. சிம்மும் புதுசு. "கூப்பிட்டு நச்சரிப்பானுவ, அதான்" என்கிறான். கடன்காரன் ஒளிந்தால் கடன் கொடுத்தவனுக்குத் தைரியம் வரத்தானே செய்யும்.

24 ஜூன், செவ்வாய்

அரைநாள் லீவு போட்டு நாகர்கோவில் கிளைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, என் மகன் வயதுப் பையன். "71 ஆயிரம் கட்டுங்க மேடம், வண்டி ரிலீஸ் ஆயிரும்." மூன்று டியூ 45,900தானே, மீதி என்ன என்றால், "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது."

கடன் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை, கணக்கைக் காட்டு என்கிறோம். ஸ்டேட்மென்ட்டும் ஒப்பந்த நகலும் வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்து, சீல் போட்ட ஒப்புகை வாங்கினேன். சீல் குத்தவே முக்கால் மணி நேரம் ஆனது.

1 ஜூலை, செவ்வாய்

மெயிலில் வந்தது. டியூ 45,900. டியூ பாங்கில் திரும்பியதற்கு, பவுன்ஸ், மூன்று தடவைக்கு 1,770. அபராத வட்டி 4,310. சீசிங், அதாவது வண்டியைப் பிடித்த செலவு, 15,000. பிடித்த வண்டியை நிறுத்தி வைத்த யார்டு வாடகை 12 நாளுக்கு 2,400. இதரம் 2,100. ஆகமொத்தம் 71,480. "இதரம்" என்று என் வகுப்புப் பிள்ளை எழுதினால் மார்க் போடமாட்டேன்.

ராத்திரி தூக்கம் வராமல் பழைய கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 5,40,000 கடன், 48 மாதம், "ஒம்பது பர்சன்ட்தான் டீச்சர்" என்று அன்றைக்குச் சொன்னார்கள். வருடத்துக்கு 48,600 வீதம் நாலு வருட வட்டி 1,94,400. கடனோடு கூட்டி 48ஆல் வகுத்தால் சரியாக 15,300. ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே, வட்டி மட்டும் முழு அசலுக்கு ஏன்? குறையும் அசலுக்குப் பார்த்தால் அது ஒன்பது இல்லை, பதினாறு. இருபது வருடமாக வட்டிக் கணக்கு நடத்துகிறேன். கையெழுத்துப் போடுமுன் இதை ஒரு தடவை போட்டுப் பார்க்கவில்லை.

5 ஜூலை, சனி

பழைய மாணவி ஒருத்தி நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல். மீனாட்சிபுரத்தில் அவள் ஆபீஸ். ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், இதில் ஏழு நாள் நோட்டீஸ் என்று இருக்கே, வந்ததா?" வரவில்லை. பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்த வரைக்கும்: முன்பு ஹயர் பர்ச்சேஸ் என்றால் கடைசி டியூ வரை கம்பெனிதான் வண்டிக்கு முதலாளி. நம்முடையதில் முதலாளி தம்பி, ஆர்சியில் கம்பெனிக்குக் கடன் பாக்கி என்ற எச்பி பதிவு மட்டும். ஆனாலும் டியூ நின்றால் எடுக்கலாம் என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதனால் திருட்டு கேஸ் நிற்காது. அடியாள் வைத்துப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. வண்டியை விற்குமுன் கட்டுவதற்கு ஒரு கடைசி வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அபராதத்தை வட்டியாகப் போட்டு, அதற்கு மேல் வட்டி ஏற்றுவதையும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அந்த 4,310 அங்கேயே அடிபடுகிறது.

"நான் ஜாமீன்தானே, முதலில் அவனிடம் கேட்டுவிட்டு அப்புறம்தானே என்னிடம் வரணும்?" என்றேன். சிரித்தாள். கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீனுக்கும் அவ்வளவு பொறுப்பாம். நேராக என்னிடமே வரலாமாம்.

பீஸ் வாங்க மறுத்துவிட்டாள். இரண்டு சக்கைப்பழம் கொடுத்தனுப்ப வேண்டும்.

11 ஜூலை, வெள்ளி

சென்னையிலிருந்து ரிஜிஸ்டர் தபால். ஆர்பிட்ரேட்டராம், கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர். தம்பிக்கும் எனக்கும் சேர்த்து, நேரில் வா என்று. கடைசி வரியில் பார்த்தால், அவரை நியமித்ததே கம்பெனிதான். வக்கீல் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தானாகவே ஒரே நடுவரை வைக்க முடியாது என்று 2019இலேயே தீர்ப்பு இருக்கிறதாம். ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும், பேசாமல் இருந்துவிட்டால் ஒருதலையாக உத்தரவு போட்டு என் சம்பளம் வரை வருவார்கள் என்றாள்.

அம்மை கேட்டது: "கோர்ட்டு கடிதாசியா மக்களே?" இல்லை, இன்சூரன்ஸ் என்றேன்.

14 ஜூலை, திங்கள்

இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று சென்னைக்கு, ஆட்சேபம். இன்னொன்று கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு, வரிவரியாகக் கணக்குக் கேட்டு. 30 நாளில் பதில் இல்லை என்றால் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போவேன் என்று எழுதினேன். அதற்குச் செலவு இல்லை. நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. தொழில் வண்டியானாலும் தானே ஓட்டிப் பிழைக்கிறவன் நுகர்வோர்தானாம்.

26 ஜூலை, சனி

பன்னிரண்டே நாளில் கிளையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். மேனேஜரே டீ வாங்கித் தந்தார். அபராதம், இதரம், யார்டு வாடகை மூன்றும் தள்ளுபடி. சீசிங் பாதி, 7,500. அதையும் தள்ளச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன், மசியவில்லை. இதற்குள் ஜூலை டியூவும் சேர்ந்துவிட்டது. நாலு டியூ 61,200, பவுன்ஸ் 2,360, சீசிங் 7,500. மொத்தம் 71,060.

"அப்பவும் 71, இப்பவும் 71. இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் வீட்டுக்காரர். ஒரு டியூ கூடுதலாக இதற்குள் இருக்கிறது என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசினோம். பணம், தம்பி பெண்டாட்டியின் வளையலைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்தது. ரசீது மூன்று நகல் எடுத்தேன். ஆர்பிட்ரேஷனை வாபஸ் வாங்கிய கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணத்தையே நீட்டினேன்.

2 ஆகஸ்ட், சனி

தடைக்காலம் முந்தாநாளோடு முடிந்தது. வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கிறது. யார்டில் மழையில் கிடந்து பேட்டரி செத்துவிட்டது, புதுசு போட்டான். விலாசத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். பக்கத்தில் நான் நின்றேன்.

பெட்டி 9தான் இருக்கிறது. கம்பெனி கொடுத்த பட்டியலில் "காலி பெட்டி, சில" என்று எழுதி, கீழே தம்பியின் கையெழுத்து. அழகியமண்டபத்தில் போட்டானே, அதே சீட்டு. குளச்சல் வியாபாரி நாளைக்குக் காலை வருகிறேன் என்றிருக்கிறார். 13 பெட்டிக்கு என்ன விலை சொல்வார் என்று தெரியவில்லை.