டிரான்ஸ்டியூசருக்கு இடம் தேடி

என் மீன்பிடிப் படகில், நீருக்குள் ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார் கருவியை முதன்முறை பொருத்துவதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஒலியை அனுப்பிப் பெறும் அதன் உறுப்பான டிரான்ஸ்டியூசரைத் தவறான இடத்தில் பொருத்தியிருக்கிறேன் என்று உணர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. படகு நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் நீரின் அடித்தரை திரையில் தெளிவான கோடாகத் தெரியும். எஞ்சினை முடுக்கியதும் அந்தக் கோடு திட்டுத்திட்டாகச் சிதறி, சற்று நேரத்தில் காணாமலே போய்விடும். ஆழத்தைக் காட்டும் எண் மட்டும் கடைசியாகக் கண்ட அளவிலேயே மினுக்கிக்கொண்டு நிற்கும். திரையைச் சந்தேகித்தேன், பேட்டரியைச் சந்தேகித்தேன், கேபிளை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதில் நெடுநாள் அனுபவமுள்ள ஒருவர் ஒருநாள் என்னுடன் வந்தார்; படகு வேகமெடுத்ததும் படகின் பின்முனையை அடைத்து நிற்கும் பின்பலகைக்கு மேல் எட்டி ஒரு நிமிடம் கீழே பார்த்துவிட்டு, “கருவியில ஒண்ணுமில்ல தம்பி. அது தண்ணியவே பாக்கல, நுரையத்தான் பாத்துக்கிட்டிருக்கு” என்றார்.

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது, கருவி வேலை செய்யும் விதத்தை உட்கார்ந்து படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. டிரான்ஸ்டியூசர் என்னும் அந்தச் சிறிய பிளாஸ்டிக் கட்டிக்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. மின்துடிப்பைக் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலியை எழுப்பும். திரும்பி வரும் ஒலி அதன்மீது மோதினால் மின்சாரத்தைத் தரும். அழுத்தத்தால் மின்னூட்டம் தோன்றும் இந்தப் பண்பை 1880ஆம் ஆண்டு ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள் படிகங்களில் கண்டறிந்தார்கள். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. ஆகவே 30 மீட்டர் ஆழத்தில் உள்ள தரையைத் தொட்டுத் திரும்ப அதற்கு 40 மில்லிநொடி ஆகிறது. அந்த நேரத்தை அளந்துதான் கருவி ஆழத்தைச் சொல்கிறது. ஆனால் நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஒலியும் நீரில் நான்கு மடங்குக்கு மேல் விரைவாகச் செல்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு பொருள்களின் எல்லையில் ஒலி ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அடிக்கப்படுகிறது. டிரான்ஸ்டியூசரின் முகத்துக்குக் கீழே குமிழிகள் படலமாக ஓடினால் அவற்றைத் தாண்டி ஒலி கீழே இறங்குவதே இல்லை. மீனைத் திரையில் காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் என்பது இதில் ஒரு வேடிக்கை. மீனுக்குள் இருக்கும் காற்று நமக்கு வேண்டும். டிரான்ஸ்டியூசருக்கு அடியில் வரும் காற்று வேண்டவே வேண்டாம். ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் மீன் காட்டும் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு திரையும் கணிப்பும் எவ்வளவோ மாறிவிட்டன. குமிழி விஷயத்தில் மட்டும் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் கைவிரித்துவிடும்.

எனவே இரண்டாம் முறை நான் துளைக்கருவியை எடுப்பதற்கு முன் இடத்தைத் தேடினேன். தம்பியைப் படகு ஓட்டச் சொல்லிவிட்டு, உயிர்காப்பு உடையை அணிந்து பின்பலகையின் மேல் குனிந்து படுத்துக்கொண்டு, பல வேகங்களில் நீர் எப்படிப் பிரிந்து வருகிறது என்று பார்த்தேன். அடிப்பகுதியிலிருந்து வெளியேறும் நீர் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில இடங்களில் அது கண்ணாடித் தகடுபோல வழவழப்பாக வருகிறது. சில இடங்களில் பால் கலந்ததுபோல வெளுத்து வருகிறது. என் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் மேடு ஒன்று பின்பலகையில் வந்து முடியும் இடத்துக்கு நேர் பின்னால்தான் நான் முதலில் டிரான்ஸ்டியூசரைப் பொருத்தியிருந்தேன்; அங்கே வெள்ளை நுரை கயிறு திரித்ததுபோல இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. இத்தகைய மேடுகள், ஆணி வரிசைகள், எஞ்சினுக்கு நீர் எடுக்கும் துளைகள், முன்பு மாட்டிய வேறு கருவிகள் ஆகிய எவையும் டிரான்ஸ்டியூசருக்கு நேர் முன்னால் இருக்கக் கூடாது. நல்ல இடம் எது என்பதைக் கரையில் நிறுத்திய படகைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். ஓடும் படகில் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

படகைத் தள்ளும் எஞ்சின் விசிறியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்தும்படி சொல்வது வழக்கம். எந்தப் பக்கம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழலும் விசிறியின் இறக்கைகள் வலப்புறத்தில் மேலிருந்து கீழே இறங்குகின்றன, இடப்புறத்தில் கீழிருந்து மேலே ஏறுகின்றன. ஏறும் பக்கத்தில் கலங்கிய நீர் மேல்நோக்கித் தள்ளப்படுவதால், இறங்கும் பக்கமான வலப்புறமே டிரான்ஸ்டியூசருக்கு உகந்தது. எதிர்த்திசையில் சுழலும் விசிறியாக இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். என் பழைய துளைகள் இடப்புறத்தில் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உயரம் மில்லிமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டிய விஷயம். ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிப்பரப்புக்குக் கீழே ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், அலுமினியப் படகில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டரும் இறங்கியிருக்க வேண்டும். நான் ஒரு நேரான இரும்பு அளவுகோலைப் படகின் அடியில் ஒட்டிப் பிடித்து, அது பின்பலகையைத் தாண்டி நீளும் விளிம்பை வைத்து அளந்தேன். முகம் மேலே இருந்தால் படகின் விளிம்பைத் தாண்டி வரும் காற்று அதைத் தழுவும். அதிகம் கீழே இருந்தால் அதுவே நீரைக் கிழித்து, பின்னால் சேவல் வால்போல நீரை வாரியடிப்பதோடு எஞ்சினுக்கும் நுரையை ஊட்டிவிடும். டிரான்ஸ்டியூசரின் வால் பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு துளி தாழ்ந்திருப்பது நல்லது. முன்பக்கம் தாழ்ந்தால் முகத்தின் பின்பாதியில் நீர் ஒட்டாமல் வெற்றிடம் விழும்.

பக்கவாட்டுச் சாய்வை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. படகின் அடி ஆங்கில ‘வி’ வடிவில் இருப்பதால், பின்பலகையின் கீழ்விளிம்புக்கு இணையாக வைத்தால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஒலி மட்டும் செங்குத்தாக இறங்காமல் ஒருபக்கமாகப் போய்விடும். பத்து டிகிரி சாய்ந்திருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் அது பார்க்கும் இடம் 5 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகிறது. ஒலி ஒரு கூம்புபோல விரிந்துதான் இறங்குகிறது; 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 12 டிகிரி அகலமுள்ள கூம்பு அந்த ஆழத்தில் தரையில் விழும் வட்டத்தின் குறுக்களவே ஏறத்தாழ 6 மீட்டர்தான் என்று நினைத்துப் பார்த்தால், நாம் படகுக்கு நேர் கீழே உள்ளதாக நம்பும் மீன் உண்மையில் பக்கத்தில் இருக்கிறது என்பது புரியும். ஐம்பது கிலோஹெர்ட்ஸின் அகன்ற கூம்பில் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. முன்பின் சாய்வு அதிகமானால் அதைத் திரையே சொல்லிவிடும்: மீன் கூம்பைக் கடக்கும்போது விழ வேண்டிய முழு வில் விழாமல், ஏறும் பாதியோ இறங்கும் பாதியோ மட்டும் விழும்.

இவ்வளவுக்கும் பிறகு துளையிடும் வேலை சிறியது. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே படகில் துளையிடுவதைப்போல மனத்தை உறுத்தும் வேலை வேறில்லை. இடம் தவறினால் இன்னும் நான்கு துளைகள். அதனால் இந்த முறை நேரடியாகப் படகில் மாட்டாமல், தடித்த பாலிஎத்திலீன் பலகை ஒன்றை முதலில் பின்பலகையில் பொருத்தி, அதன்மேல் டிரான்ஸ்டியூசரின் தாங்கியை மாட்டினேன். இனி எத்தனை முறை இடம் மாற்றினாலும் துளைகள் அந்தப் பலகையோடு நின்றுவிடும். ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட் எளிதில் சில்லு பெயரக்கூடியது. துளை விழும் இடத்தில் காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் குறித்து, துளைக்கருவியை முதலில் எதிர்ச்சுற்றில் ஓடவிட்டேன். வெண்மாவு மெல்ல உதிர்ந்து வழுவழுப்பான ஒரு குழி விழுந்தது. அதன் பிறகே நேர்ச்சுற்றுக்கு மாற்றி உள்ளே இறக்கினேன். துளைக்குள்ளும் திருகாணியின் மரைகளிலும் நீருக்கடியில் தாங்கும் கடல்வகை அடைப்புப் பசையைத் தாராளமாகப் பூசி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை முறுக்கியபோது, ஒவ்வொரு தலையைச் சுற்றியும் பசை ஒரு முழு வளையமாகப் பிதுங்கி வந்தது. வளையம் எங்காவது அறுபட்டிருந்தால் திருகாணியைக் கழற்றி மீண்டும் பூச வேண்டும். அந்த இடைவெளி வழியாக நீர் உள்ளே போய்ப் பின்பலகைக்குள் இருக்கும் மரத்தை ஊறவைத்துவிடும். பழைய துளைகளை எப்பாக்சி என்னும் கெட்டியாக இறுகும் பசையால் அடைத்தேன்.

கேபிளைப் பற்றி இரண்டு விஷயங்கள். நீளம் மிஞ்சுகிறது என்பதற்காக அதை வெட்டி ஒட்டக் கூடாது; மிச்சத்தைத் தளர்வாகச் சுற்றிக் கட்டி வைத்தால் போதும். எஞ்சினின் மின்கம்பிகள், பம்புகள், வானொலியின் ஆன்டெனா கேபிள் ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. சேர்த்துக் கட்டினால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் திரையில் மழைத்தூறல்போலப் புள்ளிகள் விழும்; அதையும் நுரையென்று நினைத்துப் பின்பலகையைக் குடைந்துகொண்டிருப்போம். இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. படகை நிறுத்திக் கட்டி, கியர் போடாமல் எஞ்சினை மட்டும் முடுக்கிப் பார்த்தால், அப்போதும் விழும் புள்ளிகள் மின்சாரத்தின் வேலை. படகு நகர்ந்தால் மட்டும் வரும் கோளாறு நீரோட்டத்தின் வேலை.

படகின் உட்புறத்திலேயே டிரான்ஸ்டியூசரை எப்பாக்சியால் ஒட்டிவிட்டால் துளையே வேண்டாமே என்று பலர் கேட்கிறார்கள். கெட்டியான ஒற்றை ஃபைபராக இருந்தால் முடியும். நடுவில் நுரைப்பஞ்சோ மரமோ வைத்த அடியென்றால் அந்தக் காற்றறைகளே ஒலியை விழுங்கிவிடும். ஒட்டும் பசைக்குள் ஒரு குமிழிகூடச் சிக்கக் கூடாது என்பதால் இங்கும் பழைய எதிரியேதான். ஒலி அடிப்பகுதியை இருமுறை கடப்பதால் வலுவும் குறையும், நீரின் வெப்பநிலையும் சரியாகத் தெரியாது. அடியை முழுவதும் துளைத்துப் பொருத்தும் வகை பெரிய படகுகளுக்கு மிகச் சிறந்தது. அதற்குப் படகைக் கரையேற்றி, தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுவேன். அலுமினியப் படகில் டிரான்ஸ்டியூசரின் வெண்கலக் கூட்டைப் பொருத்தினால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதையும், மரப்படகில் மரம் ஊறி உப்பும்போது பிளாஸ்டிக் கூடு விரிசல் விடலாம் என்பதையும் மட்டும் அவருக்கு நினைவூட்டுவேன்.

பசை இறுகிய பிறகு படகை நீரில் இறக்கி, டிரான்ஸ்டியூசரின் முகத்தைச் சோப்பு நீரால் துடைத்து, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். பழைய இடத்தில் கோடு மறைந்த வேகம் வந்தது, கடந்தது, கோடு நின்றது. அதற்கும் மேலே போனபோது மீண்டும் சிதறத் தொடங்கியது. கரைக்கு வந்து தாங்கியைத் தளர்த்தி 3 மில்லிமீட்டர் இறக்கி, வாலைச் சற்றுத் தாழ்த்தி மறுபடி போனோம். எஞ்சினை முழுக்க முடுக்கியும் அடித்தரை அறுபடவில்லை. வலப்புறம் டிரான்ஸ்டியூசர் இருப்பதால் இடப்பக்கமாக வேகமாகத் திருப்பும்போது மட்டும் அந்த முனை சற்று உயர்கிறதோ என்னவோ, இரண்டு மூன்று நொடிகளுக்குக் கோடு விட்டுப்போகிறது. அதைச் சரிசெய்ய நான் மெனக்கெடவில்லை. திரும்பும்போது திரையைப் பார்ப்பதைவிட எதிரே பார்ப்பதுதான் அவசியம்.